மூத்த வாகனமும் த்ராட்டில் சென்சாரும்

நாட்டில் பழைய கார்கள் ஓடுகின்றன. ஓடினால் ஏதாவது தேயும், தேய்ந்ததைக் கழற்றிப் புதியதைப் போடுவார்கள். நான் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து இதில் தவறு இருப்பதாக யாருக்கும் தோன்றியதில்லை. எங்கள் போக்குவரத்துத் துறை இயக்குநர் வெளிநாட்டுப் பயணம் போய்வந்த பிறகுதான் தோன்றியது.

அங்கே பழைய கார்களைக் கண்ணாடி அறையில் வைத்து, கயிறு கட்டி, தொடாதீர்கள் என்று பலகை மாட்டியிருந்தார்களாம். அவருக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. திரும்பி வந்ததும் என்னைக் கூப்பிட்டார்.

"நம்ம ஜனங்க பழைய காரைப் பழைய கார்ன்னு சொல்றாங்க. கேக்கவே கஷ்டமா இருக்கு. மரியாதையா ஒரு பேர் வைங்க."

"மூத்த வாகனம்னு வைக்கலாமா சார்?"

இயக்குநர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவருக்கு ஒன்று பிடித்துப்போனால் அப்படித்தான் செய்வார். சுற்றறிக்கை எழுதும் பொறுப்பு அன்றே என் தலையில் ஏறியது. எனக்கும் தலை கொஞ்சம் கனத்தது உண்மை.

எழுதினேன். 'மூத்த வாகனங்களின் மூலத்தன்மை பேணப்படுதல் இன்றியமையாததாகலின், துறையின் முன்அனுமதியின்றி அவற்றின் எந்தவொரு உறுப்பையும் மாற்றலாகாது. குறைபாடானது பரிசோதகரின் முன்னிலையில் ஏற்பட்டாலன்றி அனுமதி வழங்கப்படமாட்டாது.' 'இன்றியமையாததாகலின்' என்ற சொல்லைப் போட்டுவிட்டு, நாற்காலியில் சாய்ந்து சிறிது நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்தச் சுற்றறிக்கையால் நன்மை அடைந்த முதல் குடும்பம் என்னுடையது.

என் மனைவி நர்ஸ். நான் ஆபீஸ் பஸ்ஸில் போய்விடுவேன். வீட்டில் இருக்கும் ஒரே கார் அவள் ஆஸ்பத்திரிக்குப் போகிற கார். அது எந்தக் கணக்கிலும் மூத்த வாகனம்தான். கொஞ்ச நாளாக அது ஆக்சிலேட்டரை மிதித்தால் யோசித்துவிட்டுக் கிளம்பியது. நிற்கும்போது தானாக உறுமியது. ஒரு நாள் நாற்சந்தியில், பச்சை விளக்கு விழுந்து எல்லா வண்டியும் பாய்கிற நேரத்தில், அணைந்துபோனது. பின்னால் வந்த லாரி ஒரு முழம் இடைவெளியில் நின்றது.

வீட்டுக்கு வந்தவள் கார் சாவியை என் முன்னால் வைத்தாள்.

"மெக்கானிக்கைக் கேட்டேன். த்ராட்டில் சென்சார் தேஞ்சுபோச்சாம். பெடலை எவ்வளவு மிதிக்கிறோம்னு இன்ஜினுக்குச் சொல்ற சின்னப் பெட்டி. அது மாத்தி மாத்திச் சொல்லுதாம். ரெண்டு ஸ்க்ரூ. கழட்டிட்டு வேற போட்டா முடிஞ்சுது."

"போட முடியாது."

"ஏன்?"

"அது உறுப்பு."

அவள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். நோயாளிக்குக் காய்ச்சல் தலைக்கேறிவிட்டதா என்று பார்க்கிற பார்வை. ஆனால் சட்டம் எழுதியவனே சட்டத்தை மீறலாமா? முறைப்படி விண்ணப்பித்தேன். என் கீழே வேலை பார்க்கிற பரிசோதகரே வந்து காரைப் பார்த்தார். கார் பூனைக்குட்டி மாதிரி முனகிக்கொண்டு நின்றது.

"வண்டி நல்லா இருக்கே சார்."

"நாற்சந்தில நின்னுடுது."

"இங்க நாற்சந்தி இல்லையே சார்."

"அப்ப வாங்க, நாற்சந்திக்குப் போவோம்."

மூவரும் கிளம்பினோம். மனைவி ஓட்டினாள். நான் மேலதிகாரி, ஆகவே முன் சீட்டில் நான். பரிசோதகர் பின்னால் உட்கார்ந்து மடியில் கோப்பு ஒன்றை வைத்துக்கொண்டார். நாற்சந்தி வந்தது, பச்சை விழுந்தது, கார் ஒரு குலுக்குக் குலுக்கி அணைந்தது. நாலா பக்கமும் ஹாரன். ஒரு பஸ் டிரைவர் தலையை வெளியே நீட்டி எங்கள் பரம்பரையை விசாரித்தார். எனக்கு அத்தனை சந்தோஷம் அதற்கு முன் வந்ததில்லை.

"பாத்தீங்களா?" என்று திரும்பினேன்.

பரிசோதகர் சங்கடத்தோடு கோப்பைத் தடவினார். "பாத்தேன் சார். ஆனா சுற்றறிக்கைல முன்னிலையில்னு இருக்கு. நான் பின்னாடி இல்ல உக்காந்திருக்கேன்."

"அதுக்கு அப்படி அர்த்தம் இல்லைய்யா."

"வேற அர்த்தம் இருந்தா சார் எழுதியிருப்பீங்களே. ஒரு எழுத்துக்கூட வீணா எழுத மாட்டீங்கன்னு எங்களுக்குத் தெரியாதா?"

பாராட்டா, பழிவாங்கலா என்று அவர் முகத்திலிருந்து கண்டுபிடிக்க முடியவில்லை. இடம் மாறி உட்கார்ந்து ஊரையே சுற்றினோம். கார் ஒரு தும்மல்கூடப் போடவில்லை. 'வாகனம் நலமாக உள்ளது. உறுப்பு மாற்றம் தேவையற்றது' என்று அவர் எழுதிக் கொடுத்தார். இப்போது சென்சாரை மாற்றினால் அனுமதியில்லாத குற்றம் மட்டுமல்ல, நலமாக உள்ள உறுப்பை அகற்றிய குற்றமும் சேரும். விண்ணப்பம் போட்டு இரண்டாவது குற்றத்தைச் சேர்த்ததும் நான்தான்.

மறுநாள் காலை அவள் யூனிபாரத்தில் நின்றுகொண்டு நிதானமாகச் சொன்னாள்: "நீங்க சட்டத்தைக் காப்பாத்துங்க. நான் என்னைக் காப்பாத்திக்கிறேன். கூட வரீங்களா, இல்லையா?"

போனேன். தொப்பியை மூக்கு வரை இழுத்துவிட்டு, பின் சீட்டில் படுத்தபடி போனேன்.

பட்டறை எங்கள் அலுவலகத்துக்குப் பின் தெருவிலேயே இருந்தது. வாசலில் வரிசை. எல்லாமே மூத்த வாகனங்கள். பலவற்றை எனக்குத் தெரியும். தினமும் எங்கள் வளாகத்தில் நிற்பவை. வரிசையில் முதலாவதாக நின்ற காரிலும் ஒருவர் தொப்பியை இறக்கிவிட்டு உட்கார்ந்திருந்தார். மடியில் கோப்பு இருந்தது. நான் இன்னும் கொஞ்சம் கீழே சரிந்தேன். அவரும் சரிந்தார்.

எங்கள் முறை வந்தது. மெக்கானிக் பானட்டைத் திறந்து, பாட்டரி வயரை எடுத்து, பழைய பெட்டியைக் கழற்றிப் புதியதை வைத்தான். மீட்டரை வைத்துப் பார்த்து லேசாகத் திருப்பி முடுக்கினான். பிறகு கொஞ்சம் கிரீஸை எடுத்து அதன்மேல் பூசி, தரையிலிருந்து ஒரு பிடி புழுதியை அள்ளித் தூவினான்.

"அது எதுக்குப்பா?" என்றேன் தொப்பிக்குள்ளிருந்து.

"புதுசுன்னு தெரியக் கூடாதுல்ல சார். எல்லாரும் அப்படித்தான் கேக்கிறாங்க. முன்னெல்லாம் வண்டி குலுங்கினா குலுங்கட்டும்னு விட்டுடுவாங்க. இப்ப பரிசோதனைல மாட்டிக்கிட்டா விண்ணப்பம், அனுமதின்னு அலையணும்னு லேசா இருமினாலே ஓடி வராங்க. பில் கேக்கிறதில்ல, பேரம் பேசறதில்ல. அந்தச் சுற்றறிக்கை எழுதின புண்ணியவான் நல்லா இருக்கணும். சார் யாரு?"

"என் வீட்டுக்காரர்," என்றாள் மனைவி. "சும்மா துணைக்கு வந்தார்."

விண்ணப்பத்தை வாபஸ் வாங்கினேன். பரிசோதகர் ஒன்றும் கேட்காமல் கையெழுத்துப் போட்டார். அவர் நகக்கண்ணில் கிரீஸ் இருந்தது.

ஆண்டு முடிவில் சுற்றறிக்கைக்கு வெற்றி விழா எடுத்தார்கள். குடும்பத்தோடு வரச் சொல்லி உத்தரவு. இயக்குநர் மேடையில் முழங்கினார்.

"இவ்வாண்டில் உறுப்பு மாற்றம் கோரி வந்தது ஒரே ஒரு விண்ணப்பம். அதையும் விண்ணப்பதாரரே திரும்பப் பெற்றுவிட்டார். இதிலிருந்து தெரிவது என்ன? பேணினால் எந்த உறுப்பும் தேயாது. இங்கே யாருடைய வாகனத்துக்காவது குறை இருந்தால் தயங்காமல் எழுந்து நிற்கலாம்."

ஒருவரும் எழவில்லை. நாற்காலி கிரீச்சிடும் சத்தம்கூட இல்லை.

"நன்றி. அடுத்த மாதம் முதல் இத்திட்டம் புதிய வாகனங்களுக்கும் விரிவாக்கப்படும்."

கைதட்டல் கூரையைப் பிளந்தது. நானும் தட்டினேன். எனக்கு அடுத்த நாற்காலியில் பரிசோதகர் என்னைவிடப் பலமாகத் தட்டினார். நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

காரில் ஏறியதும் மனைவியிடம் சொன்னேன்: "நீயாவது எந்திரிச்சிருக்கலாம்."

"எனக்கு நாளைக்கு டியூட்டி இருக்கு. வண்டி வேணும்."

சாவியைத் திருப்பினாள். எங்களுக்கு முன்னாலும் பின்னாலும் மூத்த வாகனங்கள் வரிசையாகக் கிளம்பின. ஒன்றுகூடக் குலுங்கவில்லை, ஒன்றுகூட இருமவில்லை. வாசற்படியில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்த இயக்குநர் எங்கள் கார் பக்கம் வந்ததும் ஜன்னலில் குனிந்தார். கண்கள் கலங்கியிருந்தன.

"பாத்தீங்களா? புள்ளிவிவரம் பொய் சொல்லாது."

"சொல்லாது சார்," என்றேன்.