ஆராய்ச்சியே சொல்லிட்டுதுங்க!

மனிதர்களில் ‘ஆராய்ச்சியே சொல்லிட்டுதுங்க’ என்று ஓர் இனம் உண்டு. அவரைத் தேடி நீங்கள் அலைய வேண்டியதில்லை. டீக்கடையில் கால் மணி நேரம் உட்கார்ந்தால் போதும், அவரே வந்து பக்கத்தில் உட்காருவார். நீங்கள் டீக்குச் சர்க்கரை கேட்டால் அமெரிக்காவில் ஒருத்தன் சர்க்கரையை ஆராய்ந்திருப்பான்; வேண்டாம் என்றால் ஜப்பானில் ஒருத்தன் அதையும் ஆராய்ந்திருப்பான். யார் செய்த ஆராய்ச்சி, எத்தனை பேரிடம் செய்தது என்று கேட்டுப் பாருங்களேன். உங்களை இரக்கத்தோடு பார்ப்பார். “நெட்ல போட்டுப் பாருங்க” என்பார். முடிந்தது.

இந்த இனத்தில் பேசுகிறவர்களால் பெரிய சேதமில்லை. டீ ஆறிப்போகும், அவ்வளவுதான். எழுதுகிறவர்கள்தான் வில்லங்கம். அப்படி ஒருவரை நான் அறிவேன். மரக்காணம் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் சிவஞானம்.

கடைக்குப் பேர்தான் ஜெராக்ஸ். உண்மையான தொழில் மனு எழுதுவது. வானூரிலிருந்துகூட ஆள் வரும். தெருவிளக்கு எரியவில்லை என்று இரண்டு வரி எழுதச் சொன்னால், இருட்டில் நடப்பவர்களின் மூளை சுருங்குவதாக விஞ்ஞானிகள் கண்டுபிடித்திருப்பார்கள். நாய்த் தொல்லை என்றால் குரைப்பொலி இதயத்தைத் தாக்கும் விதம் பற்றி ஒரு பத்தி இருக்கும். கடைசி வரியில் வருங்காலச் சந்ததி கண்ணீர் வடிக்கும். கெட்ட மனிதரா? இல்லவே இல்லை. ஊருக்கு நல்லது நடக்க வேண்டும் என்று உண்மையாகவே துடிப்பவர். வம்பே அதுதான்.

போன மாசியில் நடந்தது இது. புதுச்சேரியில் படிக்கும் ரேகா என்ற பெண், தன் படிப்புக்கான ஆய்வுக்காக ஒரு கண் டாக்டரைக் கூட்டிக்கொண்டு உப்பளத்துக்கு வந்தாள். உப்பு சுமக்கும் அறுபத்து நான்கு பெண்களின் கண்களைச் சோதித்தார்கள். இருபத்து மூன்று பேருக்குக் கண்ணோரத்தில் சதை வளரத் தொடங்கியிருந்தது. ‘வெயிலும் உப்பின் வெண்மையும் இதற்குக் காரணமாக இருக்கலாம். மேலும் ஆராய வேண்டும்’ என்று எழுதி, ஒரு பிரதியை அந்தப் பெண்களிடமே கொடுத்துவிட்டுப் போனாள்.

பதினைந்து வருஷமாக உப்பு சுமக்கும் அம்சவல்லி அந்தப் பிரதியை எடுத்துக்கொண்டு சிவஞானத்திடம் வந்தாள். உப்பளத்தைக் குத்தகைக்கு எடுத்திருக்கும் தேவநாதனிடம் மூன்றே மூன்று கேட்க வேண்டும்: கறுப்புக் கண்ணாடி, வருஷத்துக்கு ஒரு கண் பரிசோதனை, நிழலுக்கு ஒரு கொட்டகை.

சிவஞானம் படித்தார். முகம் சுளித்தார்.

“‘இருக்கலாம்’னு எழுதியிருக்குதே இந்தப் பொண்ணு! ‘லாம்’ போட்டா எவன் பயப்படுவான்?”

லாமை வெட்டினார். ருசி கண்டுவிட்டார். அப்புறம் நிற்குமா கை? அறுபத்து நான்கில் இருபத்து மூன்று என்பது முதல் பத்தியில் ‘பாதிப் பேர்’ ஆயிற்று, இரண்டாம் பத்தியில் ‘பெரும்பாலோர்’ ஆயிற்று, மூன்றாவதில் ‘அனைவரும்’ ஆகி ஓய்ந்தது. கண்ணோரச் சதை ‘பார்வை மங்கல்’ ஆகி, பார்வை மங்கல் ‘பார்வையிழப்பு’ ஆயிற்று. ரேகா ஒருத்தி ‘உலக விஞ்ஞானிகள்’ ஆனாள். ‘ஒளியிழந்த இந்த அபலைகள், உப்பெது மண்ணெது என்று அறியாமல் தட்டுத் தடுமாறி நடக்கும் அவலத்தை’ என்று தொடங்கிய வாக்கியம் அடுத்த பக்கத்தில் போய்த்தான் மூச்சு விட்டது.

அதைக் குரலில் ஏற்ற இறக்கத்தோடு படித்துக் காட்டினார். கையெழுத்துப் போட வந்த பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். “யாரோ பாவம்னு நெனச்சு அழுதுட்டேன். அப்புறம்தான் அது நாமதான்னு தெரிஞ்சுது” என்றாள் கொளஞ்சி. பத்தொன்பது பேர் கையெழுத்துப் போட்டார்கள்.

தேவநாதன் மனுவை இரண்டு தரம் படித்தார். அவருக்கு அழுகை வரவில்லை. வியர்த்தது.

“கண்ணு தெரியாதவங்கள வச்சு வேலை வாங்குறேன்னு எழுதி, கையெழுத்தும் போட்டுட்டீங்க. நாளைக்கு ஒருத்தர் பாத்தியில விழுந்தா என்னைத்தான உள்ள வைப்பான்? கண்ணு நல்லாருக்குன்னு டாக்டர்கிட்ட எழுதி வாங்கினு வாங்க. அதுவரைக்கும் யாரும் வேலைக்கு வர வேணாம்.”

உப்பு விளையும் பருவம். மழை வந்தால் எப்படியும் வேலை கிடையாது. வேலை இருக்கிற மாதங்களை வைத்துத்தான் இல்லாத மாதங்களை ஓட்ட வேண்டும். அதில் பத்தொன்பது குடும்பம் வீட்டில் உட்கார்ந்தது. எழுதியதை அப்படியே நம்பவைத்து ஒரு மனு ஜெயித்துவிட்டால் இப்படியும் ஆகும்.

மூன்றாம் நாள் அம்சவல்லி ரேகாவுக்குப் போன் போட்டாள். ரேகா பஸ் பிடித்து வந்தாள். இருவரும் ஜெராக்ஸ் கடையில் ஏறினார்கள்.

“இன்னாங்க எழுதி வச்சீங்க? கண்ணு தெரியலன்னு உங்கள எழுதச் சொன்னோமா?” என்றாள் அம்சவல்லி.

“அது உயர்வு நவிற்சிம்மா. ஒரு அணி. படிக்கிறவன் மனசுல பதியணும்னு கொஞ்சம் ஏத்திச் சொல்றது.”

“நல்லாவே பதிஞ்சிடுச்சுங்க. மூணு நாளா வூட்ல உக்காந்துகினு இருக்கோம்.”

ரேகா தன் பிரதியை மேஜைமேல் விரித்தாள். “என் ரிப்போர்ட்ல பார்வை போச்சுன்னு எங்க சார் இருக்குது?”

“நேரடியா இல்லம்மா. உள்ளுக்குள்ள இருக்குது.”

“உள்ளுக்குள்ளயும் இல்ல சார். நான்தான எழுதினேன்?”

இருபது வருஷமாகச் சிவஞானம் எழுதிய வாக்கியங்கள் தபாலில் போனதோடு சரி. போன இடத்தில் என்ன செய்தன என்று ஒன்றுகூடத் திரும்பி வந்து சொன்னதில்லை. இது வந்து எதிரில் நின்றது, மூன்று நாள் பழைய கோபத்தோடு. கீபோர்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

“சொல்லும்மா. நீ சொல்றத அப்படியே அடிக்கிறேன்” என்றார்.

அப்படியே அடிப்பது அத்தனை சுலபமா? அம்சவல்லி ‘வெயில்’ என்றால் விரல் தானாக ‘கொடிய வெயில்’ என்று அடித்தது.

“வெயில்னா போதுங்க. அவருக்கும் தெரியும் அது எப்படி இருக்கும்னு.”

‘கொடிய’ போயிற்று. இருபத்து மூன்று இருபத்து மூன்றாகவே உட்கார்ந்தது. ரேகா பக்கத்திலேயே நின்று, வெட்டுப்பட்ட ‘லாம்’ பழைய இடத்துக்கு வரும்வரை திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அரைப் பக்கம்தான் வந்தது. முடிப்பதற்கு ஏதாவது வேண்டுமே என்று சிவஞானம் தவித்தார். அம்சவல்லி கொஞ்சம் யோசித்தாள்.

“எங்களுக்குக் கண்ணு நல்லாத் தெரியுது. தெரியறதாலதான் கூசுது. தெரியறப்பவே கண்ணாடி குடுங்க. அவ்ளோதான், போடுங்க.”

சிவஞானத்தின் விரல் நின்றுவிட்டது. ஓர் அணியில்லை, ஓர் அமெரிக்கனில்லை. “இத நான் எழுதியிருக்கணும்” என்று முணுமுணுத்தார். அந்த முணுமுணுப்பில் பாராட்டு கொஞ்சம், பொறாமை நிறைய.

தேவநாதன் அதை உப்புக் குவியலுக்குப் பக்கத்தில் நின்றே படித்தார். எழுத்து தெரிய வேண்டுமென்று தான் போட்டிருந்த கூலிங் கிளாசைக் கழற்றினார். இரண்டு வரி தாண்டவில்லை, கண் சுருங்கி நீர் கட்டியது. மறுபடி மாட்டிக்கொண்டார். எதிரில் பத்தொன்பது பேர் வெறுங்கண்ணோடு அவரையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

“சர்டிபிகேட்லாம் வேணாம். நாளைக்கு வாங்க எல்லாரும்” என்றார் கடைசியில், தரையைப் பார்த்துக்கொண்டு.

பத்து நாளில் கண்ணாடி வந்தது. வியர்வையில் வழுக்குகிறது என்று கயிறு போட்டுக் கட்டிக்கொண்டார்கள். சித்திரையில் ஒரு கண் முகாம் நடந்தது. கொட்டகைக்கு மட்டும் “பார்க்கலாம்” என்றார் தேவநாதன். அந்த லாமை இன்றுவரை யாராலும் வெட்ட முடியவில்லை.

சிவஞானம் திருந்திவிட்டாரா? போன வாரம் ஆதார் நகல் எடுக்கப் போயிருந்தேன். கீழ்புத்துப்பட்டிலிருந்து வந்த ஒருவருக்கு உபதேசம் நடந்துகொண்டிருந்தது.

“சுருக்கமா, உள்ளத உள்ளபடி எழுதணுங்க. அப்படி எழுதின மனு நூத்துக்குத் தொண்ணூத்தாறு ஜெயிக்குது. உலகம் பூரா டெஸ்ட் பண்ணிப் பாத்துட்டாங்க.”

சிரிக்கிறீர்கள். தாராளமாகச் சிரியுங்கள். ஆனால் ஒன்று. நேற்றுச் சாயங்காலம் நடந்துவிட்டு வரலாம் என்று வீட்டில் கூப்பிட்டபோது, சோபாவிலிருந்து எழுந்திருக்காமல், “இந்த நேரத்துல நடந்தா முட்டி தேஞ்சிடும்னு டாக்டருங்களே கண்டுபிடிச்சிருக்காங்க” என்றீர்களே, எந்த டாக்டர்கள்? எனக்குச் சொல்ல வேண்டாம். இன்றும் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்கிறாரே, அவரிடம் சொல்லுங்கள்.