சோதனை ஓட்டத்துக்கு நேர்ந்த உபசரிப்பு

அன்பு மாப்பிள்ளை சஜ்ஜாத் அவர்களுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். பாலசமுத்திரத்தில் நானும் கடையும் சுகம். கொடைக்கானல் குளிரில் நீங்களும் தங்கச்சி ஜஹனாராவும் கம்பளிக்குள் நலமாக இருக்க அல்லாஹ் அருள்வானாக. போனில் சொன்னால் பாதியிலேயே சிரித்து வைத்துவிடுவீர்கள் என்றுதான் கடிதம்.

தண்டவாளத்தைப் பெயர்த்தெடுத்த பழைய ரயில் தடத்தில் சைக்கிளுக்கும் நடைக்கும் நீளப் பாதை போடுகிறார்கள், அது நம் ஊர்வரை வந்துவிட்டால் உங்கள் ஏரிக்கரை வாடகை சைக்கிள்களை இங்கே இறக்கி, தங்கச்சியோடு குடிவந்துவிடுங்கள் என்று ஒற்றைக்காலில் நின்றேன் அல்லவா? அந்த ஆசையில் மண் விழுந்தது. போன வாரம் பாதை வேலையின் அதிகாரி சிவமுருகன், கோயம்புத்தூர் சைக்கிள்காரர்கள் சிலரோடு தடம் முழுக்க ஓட்டிப்பார்க்க வந்தார். பொழுது சாய்வதற்குள் நம் ஊரைத் தொட்டால் பாதை இங்கே வரை. தொடாவிட்டால் முந்தின ஊரோடு சரி. வந்ததோ தை மாதம். பழனிக்குப் பாதயாத்திரைக் கூட்டம் அதே தடத்தில் சாரிசாரியாகப் போகிற நேரம். போதாக்குறைக்கு சைக்கிளில் வந்த எல்லோரும் யாத்திரைக்காரர் போலவே பச்சைச் சட்டை. "ஏ, சைக்கிள்லயே நேர்ந்துக்கிட்டு வாராக பாருங்க!" என்று அன்னதானப் பந்தல் போட்டிருந்த வீரம்மாள் தடத்தின் குறுக்கே நின்று, ஷூவைக் கழற்றவைத்து, மஞ்சள் தண்ணீரில் கால் கழுவி, நெற்றி நிறையத் திருநீறு பூசிவிட்டாள். "நாங்க இன்ஸ்பெக்‌ஷன் வந்திருக்கோம்மா" என்றாராம் அதிகாரி. "எந்தச் சோலிக்கு வந்தா என்னங்க, பசியோட அனுப்பினா முருகன் என்னையத்தான கேப்பான்? பேரென்ன சாமி?" "சிவமுருகன்." அவ்வளவுதான், இன்னும் இரண்டு கரண்டி புளியோதரை. அந்தப் பந்தலைத் தாண்டினால் அடுத்ததில் பானகம், அதற்கடுத்து சுண்டல். வேண்டாமென்றால் கண் கலங்குகிறார்கள், மனுஷன் என்னதான் செய்வார்?

கடைசிப் பந்தல் யாருடையது என்கிறீர்கள்? வருஷாவருஷம் நான் போடும் மோர்ப்பந்தல்தான். பச்சைச் சட்டையைக் கண்டதும் எனக்குக் கை சும்மா இருக்கவில்லை. "வாங்க சாமி, வெயில்ல வந்திருக்கீக" என்று நானே ஹேண்டில்பாரைப் பிடித்து நிறுத்தி, சொம்பு சொம்பாக ஊற்றி, வேப்பமர நிழலில் பாயும் விரித்தேன். ஊர்ப் பலகை கண்ணுக்குத் தெரிகிற தூரம். அவர்கள் குறட்டை அடங்கி எழுந்தபோது இருட்டிவிட்டது. யாரென்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. "பாய், இந்தத் தடத்துல சைக்கிள் ஓட்ட முடியாது, சாப்பிடத்தான் முடியும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். ஆகவே நீங்கள் வர வேண்டாம், ஏரிக்கரையே உங்களுக்கு நல்லது. தங்கச்சியைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் கொடுப்பினை எனக்கில்லை. அதுவும் என் கையாலேயே கெட்டது என்பதுதான் வயிற்றெரிச்சல்.

பிள்ளைகளுக்கு முத்தம். தங்கச்சிக்கு என் துஆ எப்போதும் உண்டு.

தங்கள் மச்சான்,
அப்துல் சலாம்

பி.கு.: கவரை ஒட்டப்போகையில் சிவமுருகன் பந்தலுக்கு வந்துவிட்டார், மனைவி மக்களோடு, வெறுங்காலில் நடந்து. "அன்னிக்கு மாதிரி நான் தூங்கிப் பல வருஷமாச்சு பாய். பாதை உங்க ஊர் வரைக்கும் வருது" என்கிறார். மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிடுங்கள். சைக்கிள்கள் லாரியில் மெதுவாக வரட்டும். ஜஹனாராவைக் கடிதம் கண்ட மறுநாளே வெள்ளனே முதல் பஸ்ஸில் ஏற்றுங்கள்.