மேகத்திடம் கேட்டாச்சுங்களா?

இரவல் குடைக்கும் எழுத்தில் அனுமதி வாங்கிய ஒரே மனிதர், கோயம்புத்தூரில், ஏன், உலகத்திலேயே எங்கள் 'கேட்டாச்சா'தான். இணையவழிப் பாடங்கள் நடத்தும் எங்கள் நிறுவனத்தில் வீடியோ எடிட்டர். நடந்தது இதுதான்:

1. அங்கே பாடங்கள் தயாரிப்பவள் நான்; மழை பற்றிய பாடம் ஒன்றை முடித்தேன். திங்கட்கிழமை வெளியாகாவிட்டால் அந்தப் பாடம் வேறொருவர் பொறுப்புக்குப் போய்விடும்.
2. அதில் இணையத்தில் எடுத்த மேகக் காட்சியும், ஒரு புத்தகத்தின் முழு அத்தியாயமும் இருந்தன.
3. வெள்ளிக்கிழமை கேட்டாச்சா இரண்டையும் தூக்கிவிட்டார்.

"கேட்டாச்சுங்களா மேடம்?" இந்தக் கேள்வியால்தான் அவருக்கு அந்தப் பெயரே வந்தது.

"கீழே அவங்க பேரைப் போட்டிருக்கேனே!"

"பேர் போடறது மரியாதைங்க. கேக்கறது வேறைங்க."

"பாடம் நடத்தத்தானே?"

"விளக்கறதுக்கு நாலு வரி எடுத்தாப் பரவால்லைங்க. அத்தியாயத்தையே ஏத்திப்போட்டா எழுதினவரோட புஸ்தகத்தை யாருங்க வாங்குவாங்க?"

நான்கு வரியை மட்டும் வைத்துக்கொண்டு, மீதிக்கு நூலக இணைப்பைக் கொடுத்தேன். மேகக் காட்சியை எடுத்தவருக்கு எழுதினோம். பதிலில்லை. "பேசாம இருந்தா சரின்னு அர்த்தமில்லைங்க" என்றார். நாமே எடுப்பதுதான் வழி. ஆனால் கோவை வானத்தில் ஒரு பஞ்சுத் துணுக்குகூட இல்லை.

சனிக்கிழமை என் ஸ்கூட்டரில் மேகம் தேடி உடுமலைப்பேட்டைப் பக்கம் போனோம். ஒரு தென்னந்தோப்பில் நிறுத்தியதும், கேட்டாச்சா தோப்புக்கார அம்மாவிடம் அனுமதிப் படிவத்தை நீட்டினார்.

"ஏனுங்க, அண்ணாந்து பாக்கறதுக்கு எதுக்குங்க கையெழுத்து?" என்றவர், என்னைப் பார்த்து, "இவரு எப்பவுமே இப்படித்தானா அம்மணி?" என்றார். கையெழுத்துப் போட்டு இளநீரும் கொடுத்தார்.

மதியத்துக்கு மேல் மலையிலிருந்து மேகம் இறங்கி வந்தது. தோப்பு முழுவதும் தண்ணீருக்கடியில் இருப்பதுபோல் இருண்டது. கீற்றுகள் மெல்ல அசைந்தன. கேட்டாச்சா செல்போனில் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார்.

"மேகத்துக்கிட்ட கேட்டாச்சுங்களா?" என்றேன்.

அவர் நிஜமாகவே அண்ணாந்தார். "ஏனுங்க, எடுத்துக்கலாமுங்களா?"

அவர் கண்ணாடியில் முதல் துளி விழுந்தது.

"சரின்னு சொல்லிப்போட்டாங்க."

எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை போன் செய்தார். "மேகத்தோட உங்க சிரிப்பும் பதிவாயிருக்குதுங்க. வெச்சுக்கலாமுங்களா, எடுத்துறட்டுங்களா?"

பாடம் திங்கட்கிழமையே வெளியானது. இன்றும் என்னிடம்தான் இருக்கிறது. நான்காவது நிமிடத்தில் என் சிரிப்பும் இருக்கிறது. அதற்கும் அவர் நீட்டிய படிவத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறேன். 'எவ்வளவு காலத்துக்கு' என்ற கட்டத்தை மட்டும் நிரப்பவில்லை. அதைப் பற்றி அவர் இன்னும் கேட்கவில்லை.