உங்க அப்பாவா இருந்தா?

படிவத்தில் இருந்தது இரண்டே இரண்டு கட்டங்கள். குமாஸ்தா அரை மணி நேரமாகப் பேனாவை இரண்டுக்கும் நடுவில் பிடித்துக்கொண்டு நின்றார்.

முதல் கட்டம்: வாரம் மூன்று நாள் ஆஸ்பத்திரிக்கு வந்து டயாலிசிஸ். ஆயுள் கொஞ்சம் நீளலாம். எண்பத்தொரு வயது உடம்பு அதற்குள் என்ன பாடுபடும் என்பதற்கு யாரும் உத்தரவாதம் தரமாட்டார்கள். இரண்டாவது கட்டம்: டயாலிசிஸ் வேண்டாம், வலி தெரியாமலிருக்க மாத்திரை, வீடு. அப்படியென்றால் சில மாதங்கள். ஏழாம் நம்பர் கட்டிலில் படுத்திருந்த அப்பாவுக்கு சிறுநீரகம் இரண்டும் கைவிரித்துவிட்டன. நாளை மதியத்துக்குள் ஏதாவது ஒரு கட்டத்தில் டிக் போட்டுக் கையெழுத்து வேண்டுமாம்.

குமாஸ்தாவுக்குக் குடிநீர் அலுவலகத்தில் புகார்ப் பிரிவில் வேலை. இருபத்தாறு வருஷ சர்வீஸ். வருகிற காகிதத்தில் 'தக்க நடவடிக்கைக்கு' என்று எழுதி அடுத்த மேஜைக்குத் தள்ளிவிடுவார். இந்தக் காகிதத்தைத் தள்ளிவிட அடுத்த மேஜை இல்லை.

எனவே குடும்ப வழக்கத்தைக் கையில் எடுத்தார். அந்தக் குடும்பத்தில் ஃபிரிட்ஜ் வாங்கப் போனாலும் கடைக்காரரிடம் கேட்பது ஒரே கேள்விதான். "உங்க வீட்டுக்கு எடுக்கறதா இருந்தா எதை எடுப்பீங்க?" அக்காவுக்கு மாப்பிள்ளை பார்த்தபோதும் தரகரிடம், "உங்க தங்கச்சியா இருந்தா?" என்று கேட்டுத்தான் முடித்தார்கள். அப்படி வந்தவர்தான் அத்தான். ஃபிரிட்ஜ் இன்னும் நன்றாக ஓடுகிறது.

வராந்தாவில் பெரிய டாக்டரை மடக்கினார்.

"டாக்டர், உங்க அப்பாவா இருந்தா என்ன பண்ணுவீங்க?"

பெரிய டாக்டர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் தேய்த்துக்கொண்டார். சரியாகத் தூங்கிப் பல நாளான முகம்.

"வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடுவேங்க."

"நல்லா யோசிச்சுத்தான் சொல்றீங்களா?"

"யோசிச்சு யோசிச்சு எனக்கே ஒண்ணும் பிடிபடல. கடைசில விவரம் தெரிஞ்ச ஒருத்தர்கிட்ட கேட்டேன். ரெண்டே நிமிஷத்துல தெளிவாச் சொல்லிட்டாரு. நீங்களும் ஒரு வார்த்தை..."

அதற்குள் அவருடைய போன் அடித்தது. ஓடிவிட்டார்.

குமாஸ்தா இரண்டாவது கட்டத்தில் டிக் போட்டார். மனசு லேசாகிவிட்டது. அக்காவும் அத்தானும் வந்து சேரும்வரை லேசாகவே இருந்தது.

"வீட்டுக்கா?" என்று அக்கா பாய்ந்தாள். "அந்த ஆளுக்கும் அவங்க அப்பாவுக்கும் ஆகாதோ என்னவோ! பெத்த அப்பனைப் பத்தி எவன்டா இப்படிப் பேசுவான்? போ, வேற டாக்டரைக் கேளு!"

வேறு டாக்டர் என்றால் சின்ன டாக்டர். கேள்வி முடிவதற்குள்ளேயே அவரிடம் பதில் இருந்தது.

"எங்க அப்பாவா இருந்தா இந்த நிமிஷமே டயாலிசிஸ் சார்! போராடாம விடலாமா?"

குமாஸ்தா பழைய டிக்கை அடித்துவிட்டு முதல் கட்டத்தில் புது டிக் போட்டார். திரும்பும்போது ஒரு பேச்சுக்காகத்தான் கேட்டார். "அப்பாவுக்கு என்ன வயசு தம்பி?"

"அம்பத்திரெண்டு. தினம் காலைல பத்து கிலோமீட்டர் ஓடுவாரு."

குமாஸ்தா அந்த டிக்கையும் அடித்தார்.

"இப்ப ஒண்ணுக்கு ஒண்ணு. மூணாவது ஆளைக் கேட்டா மெஜாரிட்டி கிடைச்சிடும்" என்றார் அத்தான். அவர் கையோடு ஒரு டாக்டரம்மாவையும் பிடித்துவைத்திருந்தார்.

"எங்க அப்பாவா?" என்று டாக்டரம்மா சிரித்தார். "எனக்கு நாலு வயசு இருக்கறப்பவே விட்டுட்டுப் போனவர். அவரா இருந்தா, இருக்கறதுலயே தடிமனான ஊசியாப் பார்த்து எடுத்துக் குத்துவேன்."

"அப்ப அதை டயாலிசிஸ்னு எழுதிக்கலாமா மேடம்?" என்று கேட்டார் அத்தான்.

படிவத்தைப் பார்த்த நர்ஸ் தலையில் அடித்துக்கொண்டார். "என்ன சார் இது, ஃபார்மா, குறுக்கெழுத்துப் போட்டியா? இந்தாங்க, புதுசு. இதையும் கெடுத்தீங்கன்னா இன்னொண்ணு கிடையாது."

மூவரும் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தார்கள். அக்காவின் குரல் இறங்கியிருந்தது.

"எனக்குப் பயமா இருக்குடா. அந்தக் கட்டத்துல டிக் போட்டா நாமளே அப்பாவை அனுப்பி வெச்ச மாதிரி ஆயிடும். இந்தக் கட்டத்துல போட்டா நாமளே வதைச்ச மாதிரி. நான் எப்படிடா தூங்குவேன்?"

குமாஸ்தாவுக்கும் அதே பயம்தான். படிவத்தை நான்காக மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார்.

"டேய், பெரிய டாக்டர் யார்கிட்டயோ கேட்டேன்னு சொன்னாரே, அது யாரு?" என்றாள் அக்கா திடீரென்று. "பெரிய டாக்டரே போய்க் கேக்கறாருன்னா அவரு எவ்வளவு பெரிய ஆளா இருக்கணும்! அந்த ஆளைப் பிடி!"

தேடுதல் வேட்டை ஆரம்பமானது. மருந்துக்கடைக்காரர், அப்படி ஒருவர் இருந்தால் வெளிநாட்டில்தான் இருப்பார் என்று அடித்துச் சொன்னார். ஸ்கேன் அறைப் பெண், புத்தகமெல்லாம் எழுதியவராக இருக்கும் என்றாள். அத்தான் பதினோரு போன் போட்டு, ஒரு மாபெரும் நிபுணரை லைனில் பிடித்து, நோயாளியின் நிலைமை முழுவதையும் மூச்சுவிடாமல் விளக்கினார். நிபுணர் பொறுமையாகக் கேட்டுவிட்டுத் தான் பல் டாக்டர் என்றார்.

வார்டுக்குத் திரும்பியபோது அப்பா விழித்திருந்தார்.

"ஏதோ ஃபார்ம்னு காலைலேர்ந்து அலையறீங்களேடா. நான் என்ன சொல்றேன்னா..."

"மாமா, நீங்க எதுக்கு அலட்டிக்கறீங்க? பேசாமப் படுங்க" என்றார் அத்தான். "பெரியவங்க நாங்க பேசிட்டிருக்கோம் இல்ல?"

அப்பா போர்வையை இழுத்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார்.

மறுநாள் பதினொன்றரை மணி. பெரிய டாக்டரின் அறை பூட்டியிருந்தது. வாசலில் ஆயா தரையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"டாக்டர் லீவுங்க. அவங்க அப்பாவை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிருக்காரு."

"அவங்க அப்பாவா?"

"ஆமா. மாடி வார்டுல இருந்தாரு. அவருக்கும் கிட்னிதான். பேச்சும் நின்னுபோச்சு, எதைக் கேட்டாலும் பதில் வராது. பாவம் டாக்டரு, ஊருக்கெல்லாம் சொல்றவரு, சொந்த அப்பான்னதும் அந்த ஃபார்மைக் கையில வெச்சிக்கிட்டு உங்களாட்டமேதான் நின்னாரு."

அக்கா மெதுவாகச் சுவரில் சாய்ந்தாள். நேற்றுத் தான் பேசிய பேச்சு நினைவுக்கு வந்திருக்க வேண்டும். கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

குமாஸ்தா கடிகாரத்தைப் பார்த்தார். இன்னும் இருபத்தைந்து நிமிஷம்.

"ஆயாம்மா, உங்களுக்குப் புண்ணியமாப் போகும். விவரம் தெரிஞ்ச ஒருத்தர்கிட்ட கேட்டுத்தான் முடிவு பண்ணினேன்னு டாக்டர் சொன்னாரு. அது யாருன்னு தெரியுமா? எந்த நாட்டுல இருந்தாலும் சரி, பிடிச்சிடறோம்."

ஆயா துடைப்பதை நிறுத்திவிட்டு மூவரையும் ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார்.

"நாடா? போன திங்கக்கிழமை நான் தரை துடைச்சிட்டிருக்கறப்ப, டாக்டரு ஏழாம் நம்பர் கட்டில்ல உக்காந்து, 'ஐயா, எங்க அப்பாவால பேச முடியல, நீங்க சொல்லுங்க, உங்களுக்கு என்ன வேணும்'னு கையைப் பிடிச்சுக்கிட்டுக் கேட்டாரு... உங்க அப்பாகிட்டதான்."