வயிற்று மொய்

கொம்போவின் வயிற்றில் பூச்சி மண்டிக் கிடக்கிறது என்ற செய்தி, அவன் ஓட்டும் வேனைவிட வேகமாக ஊரைச் சுற்றி வந்துவிட்டது.

பூச்சி ஆராய்ச்சிக்காகப் பள்ளிக்கூடத்தில் வந்து தங்கியிருந்த டாக்டர் ரிஸிகி, அவன் கொடுத்த சாம்பிளில் பூச்சி முட்டை கொட்டிக் கிடப்பதாகச் சொல்லியிருந்தார். அவன் கட்டிக்கொள்ள ஆசைப்பட்ட மிஸேயின் அப்பா ஷாமே கொடுத்ததில் தேடித்தான் பார்க்க வேண்டியிருந்ததாம். அன்றிலிருந்து ஷாமே, கிராம்பு காயப்போடும் பாயில் உட்கார்ந்துகொண்டு, போவோர் வருவோரிடமெல்லாம் தன் வயிற்றின் சுத்தத்தைப் பற்றியே பேசினார்.

பெண் கேட்டுப் போன கொம்போவுக்கு அந்தப் பாயருகில்தான் மண்டகப்படி கிடைத்தது. எங்கள் பெம்பா தீவில் கல்யாண மொய்க்கும் வயிற்றுப் பூச்சிக்கும் ஒரே பெயர். இரண்டும் ம்சாங்கோதான்.

"கல்யாணத்துக்கு எல்லாரும் ம்சாங்கோவைக் கையில கொண்டு வருவாங்க. நீ வயித்துலயே கொண்டு வந்திருக்கியே தம்பி," என்றார் ஷாமே. "மாத்திரை கொடுத்திருக்காங்கல்ல? வெளிய வர்றதை டாக்டரம்மா எண்ணி நம்ம முன்னாடியே சொல்லட்டும். என்னைவிட உனக்கு அதிகமா இருந்தா மிஸேயை மறந்துடு."

கொம்போவுக்கு அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. மிஸே இல்லாத வாழ்க்கையை அவனால் நினைத்தும் பார்க்க முடியவில்லை. மாத்திரைக்கு முன்பே பாதியை விரட்டிவிடலாம் என்று வேப்பிலையை அரைத்துக் குடித்தான். பூச்சி அசையவில்லை. அவன்தான் வேனை நிறுத்தி நிறுத்திப் புதருக்குள் ஓடினான். பயணிகள் அதையும் ஷாமேயிடம் போய்ச் சொன்னார்கள்.

பிறகு எல்லோரும் மாத்திரை விழுங்கி, வெளியே வந்ததை மூடி போட்ட வாளியில் பிடித்து, பள்ளிக்கூடத் தாழ்வாரத்தில் கொண்டுபோய் வைத்தார்கள். அடையாளத்துக்கு, வீட்டுப் பெண்கள் உடுத்தும் காங்காவில் ஒரு துண்டு கிழித்துக் கைப்பிடியில் கட்டிவிடுவது வழக்கம். ஷாமேக்குப் பச்சை, கொம்போவுக்குச் சிவப்பு. தன் வாளியை மூடி வைத்ததிலிருந்து ஷாமே வாயே திறக்கவில்லை. ஜெயிக்கப் போகிறவரின் தெனாவட்டு என்று கொம்போ நினைத்துக்கொண்டான்.

தன் வாளியைத் திறந்து பார்க்க அவனுக்குத் துணிச்சல் வரவில்லை. மறுநாள் காலைத் தொழுகை முடிந்ததும் நேரே தாழ்வாரத்துக்குப் போனான். பச்சைத் துணியையும் சிவப்புத் துணியையும் அவிழ்த்து மாற்றிக் கட்டினான்.

அதற்குப் பிறகாவது சும்மா இருந்திருக்கலாம். டாக்டரிடம் போய், முட்டை குறைவாக இருந்தால் பூச்சியும் குறைவுதானே என்று கேட்டு வைத்தான்.

"அப்படியெல்லாம் இல்லப்பா. ஒரே வயித்துல கூட்டம் கூடிட்டா தீனி பத்தாது. நோஞ்சானாப் போய், ஒவ்வொண்ணும் கொஞ்சமாத்தான் முட்டை போடும். ரெண்டு மூணு மட்டும் இருந்தா, நல்லாக் கொழுத்து வஞ்சனை இல்லாமப் போட்டுத் தள்ளும்."

கொம்போவுக்கு அப்போதுதான் உறைத்தது. அப்படியானால் பெருங்கூட்டம் ஷாமேயுடையது. அதற்குத்தான் அவன் தன் சிவப்புத் துணியைக் கட்டியிருக்கிறான்.

தாழ்வாரத்துக்கு ஓடினான். பதற்றத்தில் போட்ட முடிச்சு அவிழ மறுத்தது. பல்லால் கடித்து இழுத்துக்கொண்டிருந்தபோது டாக்டர் வந்து, இதிலா வாய் வைப்பது என்று திட்டிவிட்டு, இரண்டு வாளிகளையும் உள்ளே கொண்டுபோய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

ஷாமே மனைவி திமேயுடன் வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். கொம்போ உட்காராமல் நின்றான். மிஸே கைவிட்டுப் போய்விட்டாள் என்றே முடிவு கட்டிவிட்டான்.

டாக்டர் வெளியே வந்தார். "சிவப்புத் துணி, மூணே மூணு. நல்லாக் கொழுத்தது. பச்சைத் துணி..." என்று சற்றுத் தயங்கினார். "அதுக்கு ஒரு தட்டு பத்தலை. இன்னொண்ணு எடுக்க வேண்டியதாப் போச்சு."

கொம்போவுக்கு ஒன்றும் புரியவில்லை. ஷாமே துள்ளி எழுந்தார்.

"அது என்னோடது இல்ல. பச்சையை நானே அவன் வாளியில..." என்று ஆரம்பித்தவர் சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டார்.

திமே மென்றுகொண்டிருந்த வெற்றிலையை ஒரு கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு கொம்போவைப் பார்த்தாள்.

"உங்க மாமனார் விடியுறதுக்கு முன்னாடியே வந்து சிரமப்பட்டு மாத்திக் கட்டின துணியை, நீங்க எதுக்கு மாப்பிள்ளை திரும்ப மாத்துனீங்க?"