அத்தான் கத்தியும் குளியலறைத் தாழ்ப்பாளும்

மனிதன் விலங்கிலிருந்து வேறுபட்டது நெருப்பை மூட்டிய நாளில் என்று படித்தவர்கள் சொல்வார்கள். நம்பாதீர்கள். கால்சட்டைப் பையில் மடக்குக் கத்தியைப் போட்டுக்கொண்டு அவன் அலுவலகத்துக்குக் கிளம்பிய நாளில்தான் வேறுபட்டான். அந்த நாளை நான் கண்ணால் கண்டேன். மனிதன் என்று இங்கே குறிப்பிடப்படுபவர் என் அக்காவின் கணவர், அதாவது என் அத்தான்.

ஏதோ பழம் நறுக்குகிற கத்தி என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு விரல் நீளத்துக்குள் பதினேழு கருவிகள்! பெரிய கத்தி, சின்னக் கத்தி, கத்தரிக்கோல், ரம்பம், மூடி திறக்கும் கொக்கி, திருப்புளி, பூதக்கண்ணாடி, பல் குத்தும் குச்சி. குதிரைக் குளம்பில் சிக்கிய கல்லை எடுக்க ஒரு முள்கூட உண்டு. எங்கள் தெருவில் குதிரை கிடையாது. அது தெருவின் குறை.

அத்தான் 'தினசரித் தயார்நிலை' என்ற வாட்ஸப் குழுவின் மூத்த உறுப்பினர். தினமும் காலையில் பையில் இருப்பதையெல்லாம் ஒரு துணியில் பரப்பிப் படம் எடுத்துப் போடுவது உறுப்பினர்களின் கடமை. எதற்குத் தயார் என்று கேட்ட ஒருவர் உடனே நீக்கப்பட்டார். அலுவலகத்துக்குப் பார்சல் வந்தால், "யாரும் தொடாதீங்க!" என்று அத்தான் பாய்ந்து வருவார். பதினேழில் சரியான கருவியை அவர் தேர்ந்தெடுப்பதற்குள் எவனாவது பல்லால் கடித்துப் பிரித்துவிடுவான். அவசரக் குடுக்கைகள்!

சம்பவம் நடந்த அன்று அக்காவுக்கு நேர்முகத் தேர்வு. கல்யாணத்துக்கு முன்னால் கட்டட வரைபடம் போடும் வேலையில் இருந்தவள். ஆறு வருடம் அடுப்படியில் நின்றபிறகு மறுபடி ஓர் அழைப்பு வந்திருந்தது. பத்து மணிக்கு மேல் வந்தால் உள்ளே விடமாட்டோம் என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்கள். அத்தான் 'துணைக்கு' லீவு போட்டிருந்தார்.

குளிக்கப் போனவள் உள்ளேயிருந்து கூப்பிட்டாள். "ஏங்க! தாழ்ப்பாள் சிக்கிக்கிச்சு. திறக்க வரலை!"

அத்தான் முகம் மலர்ந்தது. சந்தோஷம் என்று நான் சொல்லமாட்டேன். கடமை உணர்ச்சி.

"பதறாதே. நான் இருக்கேன்ல?" என்று கத்தியை எடுத்தார். பூதக்கண்ணாடியைப் பிரித்தார். கதவை மேலிருந்து கீழ்வரை பார்வையிட்டார்.

"என்னங்க பண்றீங்க?"

"நிலைமையை மதிப்பீடு பண்றேன்."

"ஐயோ, நேரமாகுதுங்க!"

கதவுக்கும் நிலைக்கும் நடுவே நல்ல இடுக்கு இருந்தது. "அத்தான், பெரிய கத்தியை இதுல விட்டு ஒரு நெம்பு நெம்பினா வந்துடுமே," என்றேன்.

"மாப்ளே, இது என்ன எஃகுன்னு தெரியுமா உனக்கு? நெம்பணுமாம்! கடப்பாரைன்னு நெனச்சியா?"

சத்தம் கேட்டு மாடியிலிருந்து வீட்டுக்காரர் இறங்கி வந்தார். உடனே குளியலறை வாசலில் அவசரக் கூட்டம் கூடியது. தலைமை அத்தான். சிறப்பு அழைப்பாளர் வீட்டுக்காரர். பாதிக்கப்பட்டவர் உள்ளே இருந்தபடியே கலந்துகொண்டார்.

"உடைச்சிடலாமா?" என்றேன்.

"உள்ள இருக்கிறது உங்க அக்கா, இல்லேங்கல," என்றார் வீட்டுக்காரர். "ஆனா கதவு என்னோடது தம்பி."

"அப்ப தச்சரைக் கூப்பிடுறேன்."

"இது என் கையில இருக்கும்போது தச்சரா? ஊரே சிரிக்கும்!" என்றார் அத்தான். "நிபுணர் கருத்துக் கேட்போம்."

கதவைப் படம் எடுத்து, பக்கத்தில் கத்தியைப் பிடித்தபடி, குழுவில் போட்டார். ஒருவர் பெருவிரலை உயர்த்தினார். ஒருவர் கத்தி எந்த வருடத்து மாடல் என்று விசாரித்தார். இன்னொருவர் தம்முடைய கத்தியின் படத்தைப் போட்டார். அதற்கு அத்தான் பெருவிரலை உயர்த்தினார்.

இதற்கிடையில் உள்ளே கறகறவென்று ஒரு சத்தம் ஓடிக்கொண்டிருந்தது. திடீரென்று ஏதோ கழன்று விழுந்தது. கதவு திறந்தது. ஈரத் தலையோடு அக்கா நின்றாள். ஒரு கையில் தாழ்ப்பாள் முழுசாக. மறு கையில், நாக்கு வழிக்கிற தகடு, கோணலாக வளைந்துபோய்.

"திருகெல்லாம் கழட்டிட்டேன்," என்றாள்.

அத்தான் தாழ்ப்பாளை வாங்கிப் பூதக்கண்ணாடியில் ஆராய்ந்தார். "ஒரே ஒரு திருகு லூஸா இருந்திருக்கு, அதான் சாஞ்சு சிக்கியிருக்கு. முன்னாடியே சொல்லக்கூடாதா?"

"மூணு மாசமாச் சொல்றேன்." அக்கா கத்தவில்லை. கத்தியிருந்தால்கூடத் தேவலை. "நானே அருவாமனை முனையால முடுக்கப் போனேன். 'திருகு தலை கெட்டுடும், முறையான கருவி எங்கிட்ட இருக்கு, ஞாயித்துக்கிழமை பாக்கலாம்'னீங்க. ஞாயித்துக்கிழமை கத்திக்கு எண்ணெய் போட்டீங்க. மறுபடி கேட்டா, துருப்பிடிச்ச திருகுல வெச்சா முனை தேஞ்சுடும்னீங்க."

"தேயத்தானேம்மா செய்யும்?" என்றார் அத்தான், நியாயமாக.

அக்கா வளைந்த தகட்டை அவர் உள்ளங்கையில் வைத்தாள். "இது போச்சு. இனிமே அந்தக் கத்தியை வெச்சே நாக்கு வழிச்சுக்கங்க."

அள்ளிச் சுற்றிய புடவையோடு ஓடினாள். மத்தியானம் திரும்பி வந்தாள். அவள் போய்ச் சேர்வதற்குள் கதவைச் சாத்திவிட்டார்களாம். செருப்பைக்கூடக் கழற்றாமல், சான்றிதழ்ப் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

அத்தான் ஆறுதல் சொல்லப் பக்கத்தில் போனார். "அந்தக் கதவுல என்ன மாதிரிப் பூட்டு இருந்துச்சு?" என்று கனிவாகக் கேட்டார். "ஒரு போன் பண்ணியிருந்தா வந்திருப்பேனே!"

அன்று மாலை 'நெருக்கடியில் என் துணைவன்' என்ற தலைப்பில் குழுவில் கத்தியின் படம் வந்தது. இவ்வளவு பெரிய சோதனைக்குப் பிறகும் ஒரு கீறல்கூட இல்லையே என்று உறுப்பினர்கள் வியந்து போனார்கள். உண்மைதான். வாங்கிய நாளிலிருந்து அந்தக் கத்தியின் முனை இம்மியும் தேயவில்லை. இந்த வீட்டில் தேய்ந்தது அக்கா ஒருத்திதான்.