வளையாத எட்டுப் படங்கள்

தபால் நிலைய கவுன்ட்டரில் இருந்த அம்மாள் உறையை இரண்டு விரலால் வளைத்துப் பார்த்தார். உறை பணிவாக வளைந்தது. தச்சர் கையை நீட்டித் தடுத்தார்.

"மெதுவா மேடம். உள்ள பேரனோட போட்டோ."

"இப்படியே போட்டா மடிஞ்சுதான் போய்ச் சேரும். ரெண்டு பக்கமும் அட்டை வைங்க."

பேரன் பிறந்து இரண்டு மாதம். வெளியூரில் இருந்த அக்கா முட்டிவலியால் பார்க்க வரவில்லை. "போன்ல பாத்தா பாத்த மாதிரியே இல்லடா. எட்டுப் படம் அச்சுப் போட்டுத் தபால்ல அனுப்பு. ஒரு மடிப்பு விழுந்தாலும் உன்கூடப் பேச மாட்டேன்" என்று சொல்லியிருந்தாள். சொன்னால் செய்வாள். சின்ன வயதில் ஒருமுறை பதினோரு மாதம் பேசாமல் இருந்தவள்.

அட்டைக்கு எதற்குச் செலவு என்று, பட்டறையில் கிடந்த பிளைவுட் துண்டுகளுக்கு நடுவே படங்களை வைத்துக் கட்டிக்கொண்டு மறுநாள் வந்தார்.

அம்மாள் தட்டிப் பார்த்தார். "இது கடிதமா, கதவா?"

"வளையாது மேடம்."

"வளையாது. ஆனா இந்த எடைக்குப் பார்சல்தான்."

கட்டணத்தைக் கேட்டதும் தச்சரே கொஞ்சம் வளைந்தார்.

வீட்டுக்குப் போய்ப் பலகையை இழைத்து மெலிதாக்கினார். மெலிந்த பலகை ஆடியது. ஆடாமலிருக்க மூலைக்கொரு திருகாணி போட்டார். நான்காவது திருகாணி உள்ளே சறுக்கிப் படத்துக்குள் இறங்கியது.

மனைவி எட்டிப் பார்த்தாள். "ரெண்டு மாசத்துலயே பேரனுக்குக் காது குத்திட்டீங்களே."

அந்தப் படத்தை மறுபடி அச்சுப் போட்டார். இந்த முறை எடையைக் குறைக்க, இரண்டிரண்டு படமாக நான்கு பொட்டலம் கட்டி மறுநாள் கவுன்ட்டருக்குப் போனார்.

"நாலு பொட்டலத்துக்கு நாலு கட்டணம்" என்றார் அம்மாள். "நேத்துச் சொன்னதே மலிவு."

"இந்தக் காசுல பஸ் ஏறிப் போய்க் கையிலயே குடுத்துட்டு வந்துடலாம்" என்று வீட்டில் மனைவி கிண்டலாகச் சொன்னாள். தச்சர் நிஜமாகவே கணக்குப் போட்டுப் பார்த்தார். மறுநாள் காலையில் கிளம்பிவிட்டார்.

எட்டுப் படங்களையும் மறுபடி ஒரே பலகைக்கட்டாக்கி, ஐந்து மணி நேரம் மடியில் நிறுத்திப் பிடித்துக்கொண்டு வந்தார். பக்கத்து இருக்கைக்காரர், "கேரம் போர்டா?" என்று கேட்டார்.

"இல்ல, பேரன்."

அவர் வேறு இருக்கைக்கு மாறிக்கொண்டார்.

அக்கா கதவைத் திறந்தாள். கட்டை வாங்கி, பார்க்காமலேயே ஃப்ரிட்ஜின் மேல் வைத்துவிட்டு, தம்பியின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "இளைச்சுட்டியேடா."

"பிரிச்சுப் பாருக்கா. ஒரு மடிப்பு இல்ல."

"அது கிடக்கு. கை கழுவிட்டு வா. ரெண்டு நாள் இருந்துட்டுத்தான் போகணும்." முட்டியைப் பிடித்துக்கொண்டே சமையலறைக்கு விரைந்தாள்.

பட்ட பாட்டுக்கு இவ்வளவுதானா என்று தச்சர் ஃப்ரிட்ஜின் மேலேயே பார்த்துக்கொண்டு நின்றார்.

அக்காவின் கணவர் செய்தித்தாளைத் தாழ்த்தினார். குரலையும் தாழ்த்தினார்.

"மச்சான், அந்த எட்டுப் படமும் உன் பொண்ணு போன்ல அனுப்பி, போன மாசமே அச்சுப் போட்டு உள் ரூம்ல மாட்டியாச்சு. மூணு வருஷமா வா வான்னு கூப்பிட்டும் வராதவன், தபால்ல அனுப்புன்னு சொன்னா செலவுக்குப் பயந்து தானே தூக்கிட்டு வருவான்னு உங்க அக்காதான் சொன்னா."